கண்காட்சியில் உரைபெயர்க்கப் போகிறேன், இங்கிலீஷ் தெரிந்தால் காணும்தானே?

ஜனவரி 3, மாலை 6.20 (கேள்வி)

நான் கொக்குவில். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறேன். இந்த மாதக் கடைசியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடக்கிற கண்காட்சிக்கு விவசாய உபகரணம் கொண்டுவருகிற ஒரு கொம்பனி, மூன்று நாள் உரைபெயர்ப்பாளராக நிற்க முடியுமா என்று கேட்டிருக்கிறது. சீனாவிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள், கொழும்பு முகவர் ஒருவரும் நிற்பாராம். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும், சிங்களமும் கதைப்பேன். இவ்வளவும் காணும்தானே? வேறு ஏதும் ஆயத்தம் வேண்டுமா?

ஜனவரி 3, இரவு 9.50

காணாது தங்கச்சி. பயப்படுத்தச் சொல்லவில்லை, மூன்று கிழமை கையில் இருக்கிறபடியால் சொல்கிறேன். இங்கிலீஷ் உங்களிடம் இருக்கிறது, அதை விடுங்கள். தமிழைப் படியுங்கள். தோட்டக்காரர் கதைக்கிற தமிழை.

நான் உரும்பிராய். அப்பா வெங்காயமும் புகையிலையும் செய்தவர். 2010 இல் முற்றவெளியில் முதலாவது சர்வதேச வர்த்தகக் கண்காட்சி வைத்தபோது போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்னைத் திரவப் பசளை விற்கிற ஒரு ஸ்டோலில் நிறுத்தினார்கள். முதல் நாள், முதல் மணித்தியாலம். ஒரு ஐயா வந்து போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, பரப்புக்கு எத்தினை மூடி?"

பரப்பு என்பது எங்கள் காணி அளவு. வெளிநாட்டுக்காரர் சொன்னது ஹெக்டயருக்கு இரண்டரை லீற்றர். மூடி 20 மில்லி பிடிக்கும். நான் மனதுக்குள் 2,500 ஐ 16 ஆல் பிரித்தேன். "156 மில்லி ஐயா, எட்டு மூடி வரும்" என்றேன். ஐயா போத்தலை மேசையில் வைத்துவிட்டார். "எட்டு மூடி விட்டால் இலை கருகிப் போகும் தம்பி. திருப்பி ஒருக்கா கேளுங்கோ."

16 பரப்பு என்பது ஏக்கர். ஹெக்டயர் என்றால் 40 பரப்பு. சரியான கணக்கு 63 மில்லி அளவில், மூன்று மூடிக்குச் சற்றுக் கூட. தோட்டத்தில் வளர்ந்த நானே ஏக்கரையும் ஹெக்டயரையும் மாற்றிப் பிடித்தேன். அந்த ஐயா பழுத்த ஆளாக இல்லாமல் இருந்திருந்தால் யாரோ ஒருவருடைய பயிர் போயிருக்கும். அன்று இரவே குறிப்பு எழுத ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த மட்டை போட்டது, வாங்கினேன். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஜனவரி 4, காலை 7.10

கொப்பியில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அளவுகள். தோட்டக்காணி என்றால் 10 பேர்ச் ஒரு பரப்பு. வெங்காயத்தையும் பசளையையும் அந்தரில் சொல்வார்கள். பழைய அந்தர் 112 இறாத்தல், இப்போது 50 கிலோப் பையையும் அந்தர் என்றுதான் சொல்கிறார்கள். நெல்லுக்குப் புசல். விலை பேசும்போது வெளிநாட்டுக்காரர் மில்லியன் என்பார், எங்கள் ஆட்களுக்கு லட்சம். 1.5 மில்லியன் 15 லட்சம் என்று இப்போது வாசிக்கும்போது சின்னப்பிள்ளைக் கணக்கு. பின்னேரம் ஐந்து மணிக்கு, தொண்டை அடைத்து, நாற்பதாவது ஆளுக்குச் சொல்லும்போது வாய் சறுக்கும். ஆகவே எந்த எண்ணையும் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். ஒரு துண்டில் எழுதி இரண்டு பக்கத்துக்கும் காட்டுங்கள்.

அப்புறம் பெயர்கள். அவர்களுடைய பட்டியலில் 'பவர் டில்லர்' என்று இருப்பது எங்களுக்கு லான்ட்மாஸ்ரர். எந்தக் கொம்பனி செய்தாலும் அது லான்ட்மாஸ்ரர்தான். நாலு சில்லு என்றால் உழவு மெசின். விவசாயத் திணைக்களத் துண்டுப்பிரசுரங்களில் களைநாசினி, பூச்சிநாசினி, பங்கசு நாசினி என்று பிரித்து எழுதியிருக்கும், வாய்ப்பேச்சில் மூன்றும் 'மருந்து'. ஒருவர் "மருந்து" என்று சொன்னால் உடனே பெயர்க்க வேண்டாம். "என்ன மருந்து ஐயா, புல்லுக்கோ பூச்சிக்கோ?" என்று கேட்டுவிட்டுப் பெயருங்கள்.

சுன்னாகம் சந்தைக்கோ மருதனார்மடம் சந்தைக்கோ இரண்டு நாள் விடியப் போய் நில்லுங்கள். ஒன்றும் கேட்க வேண்டாம், காதைக் கொடுத்துக்கொண்டு நின்றால் போதும்.

ஜனவரி 4, மதியம் 1.30

"தமிழ்நாட்டிலிருந்து வருகிற கொம்பனிக்கும் ஆள் தேவையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தேவை என்று அடித்துச் சொல்வேன்.

சொட்டு நீர்ப்பாசனக் குழாய் விற்கிற ஒரு தமிழ்நாட்டுக்காரரிடம் எங்கள் ஊர் அண்ணை ஒருவர், "முந்திரிகைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி விடலாம்?" என்று கேட்டார். அவர், "முந்திரிக்கு முதல் சில வருஷம் ஊத்தினா போதும், அப்புறம் மழையிலயே நிக்கும்" என்றார். அண்ணைக்கு ஒன்றும் விளங்கவில்லை. பந்தல் போட்டுக் கொடி ஏற்றி வைத்திருக்கிறார், தண்ணீர் வேண்டாம் என்கிறாரே! எங்களுக்கு முந்திரிகை என்றால் அவர்களுடைய திராட்சை. அவர்களுடைய முந்திரி எங்களுடைய மரமுந்திரிகை, கஜு. இரண்டு பேரும் தமிழர், இரண்டு பேரும் சரியாகத்தான் சொன்னார்கள். நான் நடுவில் போயிருக்காவிட்டால் அண்ணை முந்திரிகைப் பந்தலைக் காயவிட்டிருப்பார் என்று சொல்லவில்லை, ஆனால் அந்தக் கொம்பனிக்காரருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார்.

எங்கள் பப்பாசி அங்கே பப்பாளி. தேசிக்காய் எலுமிச்சை. கச்சான் வேர்க்கடலை. பசளை உரம். பூச்சிகளில் இன்னும் சிக்கல்: இங்கே பனிப்பூச்சி, அங்கே இலைப்பேன். இங்கே அழுக்கணவன், அங்கே அசுவினி. காணியை அவர்கள் சென்ட்டில் சொல்வார்கள், 100 சென்ட் ஒரு ஏக்கர், ஆகவே எங்கள் பரப்பு ஒன்று 6.25 சென்ட். கோயம்புத்தூரில் கொடிசியா வளாகத்தில் நடக்கிற அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சிக்கு எங்கள் பக்கத்துக் கமக்காரர் சிலரோடு போயிருக்கிறேன். நாள் முழுக்கத் தமிழிலிருந்து தமிழுக்குத்தான் வேலை. இரவு படுக்கும்போது நாக்கு மரத்துப் போயிருந்தது.

ஜனவரி 4, இரவு 10.40

சிங்களம் பற்றி எழுத மறந்துவிட்டேன். என் அனுபவத்தில் சிங்களம்தான் முற்றவெளியில் கூடத் தேவைப்படும், இங்கிலீஷ் அல்ல.

லூணு என்றால் வெங்காயம். லுணு என்றால் உப்பு. நெடிலுக்கும் குறிலுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு கொழும்பு வியாபாரி ஏழாலைக்காரர் ஒருவரிடம், லூணு எத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்று கேட்டார். பக்கத்தில் ஜெனரேட்டர் இரைச்சல். என் காதில் குறில்தான் விழுந்தது. ஆனையிறவு உப்பை நினைத்துக்கொண்டு, "உப்பு எவ்வளவு காலம் வைக்கலாமாம்" என்றேன். ஏழாலைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "உப்புக்கு என்ன காலம், அது கிடக்கும்" என்றார். வியாபாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிடி கட்டித் தொங்கவிடுவது பற்றி அடுத்த கேள்வி வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. இரண்டு பேரிடமும் நான் பிழையாகக் கேட்டுவிட்டேன் என்று சொல்லி, முதலிலிருந்து தொடங்கினேன். வெட்கம்தான், ஆனால் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த ஆள் வெங்காயத்தை அழுகவிட்டிருப்பார்.

கதலிக்குச் சிங்களத்தில் சொல்கிற பெயர் 'எம்புல்'. புளிப்பு என்று பொருள். நீர்வேலி வாழைக்காரரிடம் போய் "உங்கட புளிப்பு வாழைப்பழம்" என்று பெயர்த்துவிடாதீர்கள். கதலி என்று சொல்லுங்கள்.

ஜனவரி 7, இரவு 8.15

இன்று ஒன்றே ஒன்று. 'ஓம்'.

நாங்கள் ஒருவர் கதைக்கும்போது "ஓம்... ஓம்..." என்று சொல்லிக்கொண்டே இருப்போம். கேட்டுக்கொண்டிருக்கிறேன், தொடருங்கள் என்பதுதான் அதற்குப் பொருள். வெளிநாட்டுக்காரருக்கு யாரோ 'ஓம்' என்றால் 'யெஸ்' என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஒரு முறை என் பக்கத்தில் நின்ற விற்பனையாளர், அச்சுவேலிக்காரர் ஒருவருக்கு விதை நடுகிற மெசினின் விலையைச் சொன்னார், ஓம். உத்தரவாதம் ஒரு வருடம் என்றார், ஓம். முற்பணம் இவ்வளவு என்றார், ஓம். நான் வாயைத் திறக்க முதலே பற்றுச்சீட்டுப் புத்தகத்தை விரித்துப் பேனையையும் எடுத்துவிட்டார். அச்சுவேலிக்காரர் அந்தப் பேனையைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மறுபக்கமும் உண்டு. "பாப்பம்", "வீட்டிலை கதைச்சிட்டுச் சொல்லுறன்" என்றால் எங்கள் ஊரில் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் பொருள். முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வது மரியாதை இல்லை என்று நினைக்கிறவர்கள் நாங்கள். உரைபெயர்ப்பாளர் அதை 'இவர் வேண்டாம் என்கிறார்' என்று மாற்றிச் சொல்லலாமா? நான் சொல்வதில்லை. சொன்ன சொல்லைத்தான் சொல்வேன். ஆனால் முதல் நாள் காலையில், கடை திறக்க முதல், பத்து நிமிடம் கேட்டு வாங்கி, 'ஓம்' என்பதையும் 'பாப்பம்' என்பதையும் அவர்களுக்கு விளங்கப்படுத்திவிடுவேன். பிறகு அவர்களாகவே, "எப்போது தீர்மானிப்பீர்கள்?" என்று கேட்டுக்கொள்வார்கள். நீங்களும் அந்தப் பத்து நிமிடத்தைக் கேளுங்கள், விடாதீர்கள்.

ஜனவரி 9, காலை 6.30

போன் இருக்கும்போது ஆள் எதற்கு என்று எழுதிய தம்பிக்கு.

நான் போனுக்கு எதிரி இல்லை. மெசினில் ஒட்டியிருக்கிற தகட்டைப் படம் எடுத்து வாசிக்க அதைத்தான் பாவிக்கிறேன், சீன எழுத்தை எனக்கு வேறு யார் வாசித்துத் தருவார்? ஆனால் நேற்று மருமகனுடைய போனில் "முந்திரிகைப் பந்தல்" என்று சொல்லிப் பார்த்தேன், கஜு வந்து நின்றது. அதைவிட, போன் திருப்பிக் கேட்காது. "என்ன மருந்து ஐயா?" என்று அது கேட்காது. 2018 கடைசியில் சோளத்தில் படைப்புழு பரவியபோது எங்கள் ஆட்கள் அதைச் 'சேனா' என்றார்கள், சிங்களத்தில் வைத்த பெயர் அப்படியே இங்கேயும் வந்துவிட்டது. "சேனாவுக்கு என்ன கிடக்கு?" என்று ஒருவர் கேட்டால் அது ஒரு ஆளின் பெயர் இல்லை, புழு என்று தெரிந்த ஆள் நடுவில் நிற்க வேண்டும்.

ஜனவரி 10, மாலை 5.05

திருத்தம். ஹெக்டயர் 40 பரப்பு என்று நான் எழுதியது முழுக்கச் சரியில்லை என்று குப்பிளான் அண்ணை பிடித்திருக்கிறார். சரிதான். ஹெக்டயர் 2.47 ஏக்கர், அப்படியென்றால் 39 பரப்பும் இன்னொரு அரையும். மருந்துக் கணக்கில் அது ஒரு மில்லிகூட மாற்றாது, 40 ஐ வைத்துக்கொள்ளலாம். காணி எழுதும்போது மட்டும் முழுக்கணக்குப் பார்க்க வேண்டும். வயல்காணியில் பரப்புக் கணக்கே வேறு என்பதையும் அவர் நினைவுபடுத்தினார். "தோட்டமோ வயலோ?" என்று கேட்டுவிட்டுத்தான் பெருக்க வேண்டும்.

ஜனவரி 12, இரவு 11.00

ஜெர்மனியில் இருக்கிற அண்ணை எழுதியதை வாசித்தேன். ஹனோவரில் ஒற்றை வருடங்களில் நவம்பரில் நடக்கிற அக்ரிடெக்னிக்காவில் கருத்தரங்குக்குக் கண்ணாடி அறை, இரண்டு பேர், அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆள் மாறுவார்களாம். உடனுக்குடன் பெயர்க்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும், மூளை அதற்கு மேல் ஓடாது. ஸ்டோலில் நிற்கிறவருக்கு அப்படி ஆள் மாற யாரும் இல்லை. ஆகவே நீங்களே இடைவேளையைக் கேட்டு வாங்குங்கள் தங்கச்சி. களைத்த வாய்தான் 15 ஐ 50 ஆக்கும்.

ஜனவரி 13, இரவு 9.20

'நான்' பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உரைபெயர்ப்பாளர் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லாமல், பேசுகிறவருடைய 'நான்' இலேயே பெயர்க்க வேண்டும் என்பது தொழில் விதி. நல்ல விதி. யார் சொன்னது என்பதில் குழப்பம் வராது, சுருக்கமாகவும் இருக்கும்.

ஆனால் எங்கள் ஐயாமாரிடம், "நான் இந்த மெசினுக்கு இரண்டு வருட உத்தரவாதம் தருகிறேன்" என்று நான் சொன்னால், அவர்கள் என்னைத்தான் பார்ப்பார்கள். "தம்பி உரும்பிராய்தானே, பழுதானால் உங்களிட்டைக் கொண்டு வாறன்." ஒருவர் உண்மையாகவே கொண்டு வந்தார், ஆறு மாதத்துக்குப் பிறகு, கரியர் நிறையப் பம்புடன், வீட்டு வாசலுக்கு. நான் அந்தக் கொம்பனிக்கு எடுத்துக் கதைத்து, உதிரிப்பாகம் எடுப்பித்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

அதற்குப் பிறகு இப்படிச் செய்கிறேன். தொடங்கும்போதே, "ஐயா, நான் கொம்பனி ஆள் இல்லை, கதையைப் பெயர்த்துச் சொல்ல நிற்கிறன். இனி நான் 'நான்' எண்டால் அது இவர்" என்று கையால் காட்டிவிடுவேன். விலை, உத்தரவாதம், பணம் என்று வரும்போது மட்டும் 'இவர் சொல்கிறார்' என்று வெளிப்படையாக மாற்றுவேன். விதிக்குப் பிழைதான். எங்கள் ஊருக்கு இதுதான் சரி என்று நம்புகிறேன்.

மரியாதையும் அப்படி. இங்கிலீஷில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. எழுபது வயது ஆளை வெளிநாட்டுக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், தவறான எண்ணத்தில் இல்லை. நீங்கள் பெயர்க்கும்போது 'ஐயா' என்ற சொல் வந்துவிட வேண்டும். அது நீங்கள் சேர்த்த சொல் இல்லை, அவர் தமிழில் பிறந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார்.

ஜனவரி 16, மாலை 4.40

பொங்கல் முடிந்தது. நேற்றுப் பட்டிப்பொங்கலுக்கு வந்த சின்னம்மாவின் மகன் ஒரு பழைய கதையைக் கிளறிவிட்டான், இங்கே எழுத வேண்டியதுதான்.

எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் தோண்டியவை என்பது தெரியும்தானே. புன்னாலைக்கட்டுவன் அண்ணை ஒருவர் சொட்டு நீர்க் குழாயைப் பார்த்துக் கேட்டார்: "எங்கட தண்ணியிலை சுண்ணாம்பு கிடக்கு. உந்தத் துளை அடைபடாதோ?" முழுக் கண்காட்சியிலும் கேட்கப்பட்ட மிக முக்கியமான கேள்வி அது என்று இன்றும் சொல்வேன். என்னோடு நின்ற பெடியன் அதைத் 'தண்ணீரில் லைம் இருக்கிறது' என்று பெயர்த்தான். இங்கிலீஷில் லைம் என்றால் சுண்ணாம்பும்தான், தேசிக்காயும்தான். சீனப் பொறியியலாளர் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, தேசிக்காய்ப் படத்தைத் திருப்பிக் காட்டினார். எதற்காகத் தண்ணீருக்குள் தேசிக்காய் போடுகிறார்கள் என்று கேட்டார், உண்மையாகவே அறிய விரும்பித்தான்.

நான் பக்கத்து ஸ்டோலிலிருந்து போனேன். சொல்லை விட்டுவிட்டேன். தேத்தண்ணீர்க் கடைக்காரரிடம் கேத்திலை வாங்கி, மூடியைத் திறந்து, அடியில் தடிப்பாகப் பிடித்திருந்த வெள்ளைப் பொருக்கை நகத்தால் சுரண்டி, பொறியியலாளரின் உள்ளங்கையில் வைத்தேன். "இது, குழாய்க்குள்." அவர் அதை விரலால் நெரித்துப் பார்த்தார். முகம் மாறியது. உடனே தாளில் வரையத் தொடங்கினார்: இந்த இடத்தில் வடிகட்டி, இந்த இடத்தில் குழாய் முனையைத் திறந்து கழுவ வேண்டும், இடைக்கிடை ஐதான அமிலம் விட்டுப் பொருக்கைக் கரைக்க வேண்டும். அமிலத்தை எப்படிக் கலப்பது, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, எல்லாவற்றையும் அண்ணை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அரை மணித்தியாலம் போனது. அன்றைக்கு அண்ணை ஒன்றும் வாங்கவில்லை, அடுத்த போகத்துக்கு வாங்கினார்.

அந்தப் பெடியன் கெட்டிக்காரன், இப்போது நன்றாகச் செய்கிறான். அவனுக்கு இங்கிலீஷ் குறைவில்லை. அவன் வீட்டில் குழாய்த்தண்ணீர்.

ஜனவரி 19, இரவு 10.10

இதுவரை எழுதியதில் பாரமானது இதுதான். விற்கிறவர் பிழையாக ஒன்றைச் சொன்னால் என்ன செய்வது?

மிளகாய்க்கு அடிக்கிற ஒரு மருந்து. விற்பனையாளர், "இன்று அடித்தால் நாளைக்கே ஆயலாம்" என்றார். போத்தல் லேபலில் அடித்தபின் காத்திருக்க வேண்டிய நாட்கள் போட்டிருந்தது. நான் காலையில் வாசித்திருந்தேன், தமிழிலும் இருந்தது. ஒரு நாள் இல்லை.

அப்போது நான் அவர் சொன்னதைப் பெயர்த்தேன். அது என் வேலை. மாற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பிறகு, "இது நான் கேட்கிறேன்" என்று சொல்லி, விற்பனையாளரிடம் லேபலைக் காட்டி, இங்கே வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்டேன். தோட்டக்காரருக்கும் அதையே சொன்னேன்: "ஐயா, இப்ப நான் இவரிட்டை லேபலைப் பற்றிக் கேட்கிறன்." மறைவாக ஒன்றும் செய்யவில்லை. விற்பனையாளருக்குக் கோபம். அடுத்த வருடம் அந்தக் கொம்பனி என்னைக் கூப்பிடவில்லை.

உங்களுக்கும் அப்படி வந்தால் இதைத்தான் செய்யுங்கள். சொன்னதைச் சொல்லுங்கள், பிறகு உங்கள் குரலில், இரண்டு பக்கமும் கேட்க, கேளுங்கள்.

ஜனவரி 20, காலை 5.50

இரவு நித்திரை வரவில்லை. மேலே எழுதியதை மாற்றுகிறேன்.

பெயர்த்துவிட்டுப் பிறகு கேட்பதில் ஒரு பிழை இருக்கிறது. முதலில் காதில் விழுகிற சொல்தான் நிற்கும். "நாளைக்கே ஆயலாம்" என்பதை என் வாயால், எங்கள் ஊர்த் தமிழில், நானே சொல்லிவிட்டேன். பிறகு லேபல் பற்றி எவ்வளவு கதைத்தாலும் பக்கத்தில் நின்று அரைகுறையாகக் கேட்டவர் எதைக் கொண்டு போயிருப்பார்? ஆள் உயிர், பிள்ளைகள் சாப்பிடுகிற மிளகாய் என்று வரும்போது, பெயர்க்க முதலே நிறுத்திக் கேட்க வேண்டும். "மன்னிக்க வேண்டும், பெயர்க்க முதல் ஒன்று கேட்கிறேன், லேபலில் இப்படி இருக்கிறது." அவர் திருத்தினால் நல்லது. திருத்தாவிட்டால், அவர் சொன்னதையும் லேபலில் இருப்பதையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேற்று எழுதியதை விட்டுவிட்டு இதை எடுங்கள்.

இன்னொரு சொல்லும் இந்த வகைதான்: 'ஓர்கானிக்', எங்கள் தமிழில் 'சேதனம்'. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் விட்டார்கள். அந்தப் போகத்தில் மஞ்சள் பிடித்து நின்ற பயிரைப் பார்த்தவர்களிடம் 'சேதனம்' என்ற சொல்லை இலேசாகப் போட முடியாது. விற்கிறவர் ஓர்கானிக் என்றால் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். சாணம், இலைதழையிலிருந்து செய்ததா, அத்தாட்சிப் பத்திரம் உள்ளதா, அல்லது பைக்கு மேலே இலைப் படம் போட்டிருப்பதா? மூன்றுக்கும் மூன்று தமிழ் இருக்கிறது.

ஜனவரி 22, இரவு 9.00

சம்பளம் பற்றி. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, சாப்பாடு யார் தருவது, மூன்றாம் நாள் சாமான் கட்டுகிற நேரமும் சேர்த்தியா என்று இப்போதே எழுத்தில் வாங்குங்கள். எனக்கு ஒரு முறை மூன்று நாளுக்குப் பேசி இரண்டு நாள் காசுதான் வந்தது, ஞாயிற்றுக்கிழமை அரைநாள் என்றார்கள். எழுத்தில் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். விற்பனைக்கு இத்தனை வீதம் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் காசு கைக்கு வந்த பிறகு லேபலைக் காட்ட மனம் வராது.

தண்ணீர்ப் போத்தல், தொப்பி, தட்டைச் செருப்பு. கடலேரிக் காற்றில் புழுதி வாய்க்குள் போகும், மல்லித்தண்ணீர் கொண்டு போங்கள். விபரப் புத்தகத்தை நாளைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கண்காட்சி முதல் நாள், மதியம் 12.15

ஸ்டோலில் பார்த்தேன், கதைக்கவில்லை, சனம் நிறைய. கையில் கொப்பி இருந்தது. ஒரு அம்மாவுக்கு மெசினின் விலையைத் துண்டில் எழுதிக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். அவ்வளவும் காணும் எனக்கு.

கண்காட்சி முடிந்த மறுநாள், இரவு 8.30

தங்கச்சி எழுதியதை எல்லோரும் வாசியுங்கள். தண்ணீர்ப் பம்ப் பார்க்க வந்த ஊரெழு ஐயா, "ஒரு இறைப்புக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும்?" என்று கேட்டிருக்கிறார். எண்ணெய் என்றால் 'ஓயில்' என்று வாய்க்கு வந்துவிட்டதாம். சொல்லியிருந்தால் சீனாக்காரர் என்ஜின் ஓயில் அளவைச் சொல்லியிருப்பார், அரை லீற்றரோ என்னவோ, ஐயா அரை லீற்றரில் தோட்டம் முழுக்க இறைக்கலாம் என்று நம்பிக் காசைக் கொடுத்திருப்பார். இவர் நிறுத்தி, "என்ன எண்ணெய் ஐயா?" என்று கேட்டாராம். "மண்ணெண்ணெய்தான் பிள்ளை, வேறை என்ன?" அந்தப் பம்ப் பெற்றோலில் மட்டும் ஓடுகிறது என்பது அப்போதுதான் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்கிறது.

வாசித்துவிட்டு எழும்பிப் போய் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன்.

பெப்ரவரி 2, மாலை 6.45

'இறைப்பு' என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு முறை தோட்டம் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சி முடிப்பது ஓர் இறைப்பு. ஒற்றைச் சொல்லைத் தேடாதீர்கள். எத்தனை பரப்பு, எந்தப் பயிர், எத்தனை மணித்தியாலம் என்று கேட்டு, அந்த மணித்தியாலத்தைத்தான் விற்கிறவரிடம் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மணித்தியாலம் எவ்வளவு என்று என் கொப்பியிலும் இல்லை. அப்பா காலத்துக் கணக்கு இப்போதைய பம்புக்குச் சரிவராது.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தம்பி எங்கள் ஆறு பரப்பு வெங்காயத்துக்கு இறைக்கிறான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மணிக்கூடு கொண்டு வாருங்கள். நான் வாய்க்கால் மாறுகிறேன், நீங்கள் நேரத்தை எழுதுங்கள்.